பழைய இராணுவப் பொருளை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மதிப்பிடுவது: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு தொடக்கம்

கொழும்பில் பழைய வீடொன்றைத் துப்புரவாக்கும்போது இராணுவப் பொருள் ஏதாவது அகப்படுவது புதுமையல்ல. பரணில் தட்டையான இரும்புத் தொப்பி, அலுமாரி லாச்சிக்குள் நாடா மங்கிய பதக்கம், முன்விறாந்தையில் பூச்சாடியாக நிற்கும் பித்தளை ஷெல் கோது. இவை இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின; அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அந்தக் காலத்தில் தீவு முழுவதும் படைகள் நிறைந்திருந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலே விமான ஓடுபாதையானது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தார். போர் முடிந்து ஆட்கள் கப்பலேறிய பிறகும் சாமான்களில் ஒரு பங்கு இங்கேயே தங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனால், 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போவர் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) கைதிகளைப் பிரித்தானியர் தியத்தலாவைக்குக் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். பொழுது போகாமல் அவர்கள் செதுக்கிய மரப்பெட்டிகளையும் கைத்தடிகளையும் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

சரி, அப்படி ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது "எவ்வளவு போகும்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பொருள் என்னவென்று தெரியாமல் சொல்லும் விலை வெறும் ஊகம். அந்த ஊகத்தில் ஏமாறுவது பெரும்பாலும் விற்கிற குடும்பம்தான், சில வேளை வாங்குகிறவர்.

ஒரு பொருளை நம்ப வேண்டுமானால், அதில் பதித்த முத்திரை, அது செய்யப்பட்ட உலோகமோ துணியோ, பாவித்த தடயம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். விற்பவரின் கதை நான்காவதாக வரட்டும். "தாத்தா பர்மாவில் சண்டை பிடித்தவர்" என்பது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மேசையில் இருக்கும் பொருள் அந்தத் தாத்தாவுடையதுதானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பொருள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் அந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் வழிதான்.

முத்திரையில் தொடங்குங்கள்

பிரித்தானிய அரசாங்கச் சொத்தில் பெரும்பாலும் ஓர் அம்புக்குறி இருக்கும். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும், காக்கைக் கால் தடம் போல. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், திசைகாட்டி, கத்தி, கன்வஸ் பை என்று எதிலும் அதைத் தேடலாம். அதன் இரு பக்கமும் டபிள்யூ, டி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் போர்த் திணைக்களத்தின் சொத்து.

அம்பைச் சுற்றியிருக்கும் எழுத்து நாட்டைச் சொல்லும். 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. 'யூ'வுக்குள் இருந்தால் தென்னாபிரிக்கா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் அவுஸ்திரேலியா. அம்புக்குக் கீழே 'ஐ' இருந்தால் இந்தியா. கொழும்பில் கிடைக்கும் பொருளில் அவுஸ்திரேலிய அடையாளம் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. மத்திய கிழக்கிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் படையின் இரண்டு பிரிகேட்டுகள் 1942இல் சில மாதங்கள் இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்தன. இந்தியப் படையினரும் கிழக்காபிரிக்கப் படையினரும் இங்கே இருந்தார்கள். இப்படி ஊரின் வரலாறும் முத்திரையும் ஒத்துப்போகும்போது நம்பிக்கை ஒரு படி கூடும்.

ஆனால் அம்புக்குறி "அரசாங்கச் சொத்து" என்று மட்டும்தான் சொல்கிறது. "பழையது" என்று சொல்லவில்லை. ஓர் உளியும் சுத்தியலும் இருந்தால் யாரும் அதை அடித்துவிடலாம். அதனால் முத்திரையின் உள்பள்ளத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் கறுத்திருக்க, பள்ளத்துக்குள் மட்டும் பளபளப்பு இருந்தால் அது நேற்று அடித்தது. பழைய முத்திரையின் விளிம்பு மழுங்கியிருக்கும். பள்ளத்துக்குள்ளும் அதே கறுப்பும் அழுக்கும் படிந்திருக்கும்.

அம்புக்குப் பக்கத்தில் பெரும்பாலும் செய்த நிறுவனத்தின் பெயரோ முதலெழுத்துகளோ, ஓர் ஆண்டோ இருக்கும். புதிதாகச் சேகரிக்க வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. 1937ஆம் ஆண்டு மாதிரி என்று அழைக்கப்படும் கன்வஸ் பட்டிகளையும் பைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய, இந்தியப் படையினர் அணிந்தவை இவைதான். உள்பக்கத்தில் கறுப்பு மையில் செய்தவர் பெயரும் ஆண்டும் குத்தியிருக்கும். மை மங்கிப் போயிருந்தால் கைப்பேசி டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். "1937 மாதிரி" என்பது வடிவமைப்பின் பெயர். பொருள் 1937இல் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. 1942 என்று குத்திய பை 1937 மாதிரியாக இருப்பதில் எந்த முரணும் கிடையாது. அதற்கு முந்திய 1908 மாதிரி முதலாம் உலகப் போருக்குரியது. 1944 மாதிரி காட்டுப் போருக்காக வந்த இலகுவான வகை. 1958 மாதிரி போருக்குப் பிந்தியது. பட்டியைப் பார்த்ததும் இந்த நான்கில் எது என்று சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கிரீடம் சொல்லும் காலம்

பொத்தான், தொப்பிச் சின்னம், தோள் சின்னம் பலவற்றில் கிரீடம் இருக்கும். 1901இல் விக்டோரியா இறந்த பிறகு வந்த அரசர்கள் காலத்துக் கிரீடத்தின் மேல்வளைவு குவிந்து உயர்ந்திருக்கும். சேகரிப்பாளர்கள் இதை அரசர் கிரீடம் என்பார்கள். எலிசபெத் காலத்தில், 1953 தொடக்கம், வளைவு நடுவில் சற்றே தாழ்ந்து இரண்டு தோள்களாகத் தெரியும். இது அரசி கிரீடம். இந்த வித்தியாசத்தைக் கண் பழகிவிட்டால் ஒரு சின்னத்தை எட்டி நின்று பார்த்தே காலத்தைச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூன்றாம் சார்ள்ஸ் 2022இல் அரசரான பிறகு குவிந்த கிரீடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்தார். ஆக, அரசர் கிரீடம் போட்ட புத்தம் புதிய பிரித்தானியப் பொத்தான்களும் இப்போது உலகத்தில் இருக்கின்றன.

இலங்கைப் பொருட்களுக்கு இந்தக் கிரீடக் கணக்கு தனிச் சுவையானது. இலங்கை இலகுக் காலாட்படை 1881இல் அமைந்த தொண்டர் படையிலிருந்து வளர்ந்தது. சிலோன் இராணுவம் 1949 ஒக்டோபர் 10இல் உருவானது. கடற்படை 1950 டிசம்பரிலும் விமானப்படை 1951 மார்ச்சிலும், இரண்டும் 'ரோயல் சிலோன்' என்ற பெயரோடு பிறந்தன. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் 'ரோயல்' போய், 'சிலோன்' போய், கிரீடமும் போனது. எனவே ரோயல் சிலோன் விமானப்படையின் பொத்தான் ஒன்று கிடைத்தால் அது ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளிக்குள் செய்யப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம். அதிலும் அரசர் கிரீடம் இருந்தால் காலம் இன்னும் சுருங்கி முதல் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடும். சின்னப் படை, குறுகிய காலம், குறைந்த எண்ணிக்கை. இப்படிப்பட்ட பொருட்களை நம் ஊரில் பழைய பித்தளை விலைக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே மனக்கஷ்டம்.

இரும்புத் தொப்பி

பரணில் கிடைப்பதில் அதிகம் ஆசையைக் கிளப்புவது இதுதான். அகன்ற விளிம்புள்ள தட்டைத் தொப்பியை ஜோன் பிரோடி 1915இல் வடிவமைத்தார். இரண்டாம் போரில் பாவித்தது அதன் திருத்திய வடிவம், இரண்டாம் மாதிரி. 1944இல் ஆமை ஓடு வடிவத்தில் மூன்றாம் மாதிரி வந்தது. விளிம்பின் அடிப்பக்கத்தில் செய்த நிறுவனத்தின் முதலெழுத்துகளும் ஆண்டும் அடித்திருக்கும். உள்ளே இருக்கும் தோல்துணி உறையிலும் அளவும் ஆண்டும் இருக்கும். வெளி ஓட்டின் ஆண்டும் உள்ளுறையின் ஆண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நல்லது. ஓடு 1939, உறை 1952 என்றால் பிறகு பழுதுபார்த்து மாற்றியிருக்கிறார்கள்; அது மோசடியல்ல, ஆனால் விலை இறங்கும்.

எல்லா இரும்புத் தொப்பியும் சிப்பாயுடையது என்று நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் சேர் ஒலிவர் குணதிலகவின் கீழ் சிவில் பாதுகாப்புப் பணி இயங்கியது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைக் காவலர்களுக்கும் தீயணைப்பவர்களுக்கும் கொடுக்கப்பட்ட தொப்பிகள் வேறு. விளிம்பைச் சுற்றி உள்ளுறையைக் கயிற்றால் கட்டத் துளைகளும், சற்று உயர்ந்த கிண்ணமும் உள்ள வகை பிரித்தானியப் பொதுமக்களுக்காகச் செய்தது. சந்தையில் அதற்குச் சிப்பாய்த் தொப்பியைவிடக் குறைந்த விலை. என் கருத்தில், கொழும்பு வரலாற்றை நேசிக்கிறவருக்கு, உள்ளூரில் பாவித்ததற்குச் சான்று உள்ள ஒரு காவலர் தொப்பி சிப்பாய்த் தொப்பியைவிடப் பெறுமதியானது. சந்தை அப்படி நினைக்கவில்லை, நான் நினைக்கிறேன்.

மேலே புதுச் சாயம் பூசியிருந்தால் பெறுமதியின் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. துரு பிடித்ததைச் சுரண்டிப் பச்சை எனாமல் அடித்து "புதுசு மாதிரி" ஆக்குவது நம் ஊர் அக்கறை. தயவுசெய்து செய்ய வேண்டாம்.

உலோகமும் நூலும் பொய் சொல்வது கடினம்

சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் வைத்திருங்கள். பித்தளையோ வெண்கலமோ வெள்ளியோ காந்தத்தில் ஒட்டாது. "பித்தளைச் சின்னம்" ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, வெளியே முலாம். ஆனால் 1942க்குப் பிறகு உலோகத் தட்டுப்பாட்டால் பிரித்தானியப் படைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பிச் சின்னங்கள் செய்தார்கள். பிளாஸ்டிக் என்று கண்டதும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவை உண்மையான போர்க்காலப் பொருட்கள், சிலவற்றுக்கு உலோகச் சின்னத்தைவிட நல்ல விலை.

துணிக்கு, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா ஒளி விளக்கு போதும். துணி வெளுப்பாகத் தெரியச் சேர்க்கும் ஒளிரும் சாயங்கள் இரண்டாம் போருக்குப் பிறகே பரவலாகின. இருட்டறையில் விளக்கடித்ததும் நூலோ சின்னத்தின் பின்துணியோ நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அதேவேளை, பழைய சட்டையை வீட்டில் சலவைத் தூளில் தோய்த்திருந்தாலும் அது ஒளிரும். ஆகவே ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உதிர்ந்த நூல் ஒன்றை நெருப்பில் காட்டிப் பார்க்கலாம்: பருத்தி கடதாசி மணத்தோடு சாம்பலாகும், கம்பளி முடி கருகும் மணம் தரும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். பொலியெஸ்டர் நூலால் தைத்த 1942ஆம் ஆண்டுச் சின்னம் என்று ஒன்று இருக்க முடியாது.

இப்போது பித்தளைத் தொலைநோக்கி, திசைகாட்டி விடயத்துக்கு வருவோம். காலிக் கோட்டையிலும் கொழும்பிலும் சுற்றுலாக் கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலானவை இந்தியாவில் அலங்காரத்துக்காகச் செய்யப்படும் புதுப் பொருட்கள். அலங்காரம் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆனால் அவற்றில் "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்திருப்பதை அடிக்கடி காணலாம். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் ஒன்றாக இணைந்ததே 1947இல்தான். முப்பது ஆண்டுக்கு முன்னால் அந்தப் பெயரில் எந்தத் தொழிற்சாலையும் இருக்கவில்லை. முத்திரையில் உள்ள பெயரும் ஆண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் இந்த ஓர் உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் வேறு பல பொய்களும் தானாகப் பிடிபடும். நிறுவனம் எப்போது தொடங்கியது, எப்போது பெயர் மாறியது என்று தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

உண்மையான இராணுவத் திசைகாட்டி பற்றி ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் திசைகாட்டி, கைக்கடிகாரம், விமான அளவுமானிகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். இன்று அது ஒளிராது, ஏனென்றால் ஒளிரும் பொருள் பழுதாகிவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுளோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், சாயத்தைச் சுரண்ட வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பதக்கங்கள்

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பதக்கத்தில்தான் ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது.

முதலாம் போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கம் 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். அதன் ஓரத்தில், நாணயத்தின் விளிம்பு இருக்கும் இடத்தில், படையினரின் எண், தரம், பெயர், படைப்பிரிவு அடித்திருக்கும். பூதக்கண்ணாடியால் பாருங்கள். வேறு பெயரை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதுப்பெயர் அடித்திருந்தால் அந்த இடத்தில் விளிம்பு சற்று மெலிந்திருக்கும். அளவுகோல் வைத்து வெவ்வேறு பக்கமாக விட்டத்தை அளந்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தப் பதக்கம் வெள்ளியில் ஏறத்தாழ 65 இலட்சம் கொடுக்கப்பட்டது. வெண்கலத்தில் கொடுத்தது ஏறத்தாழ 110,000 மட்டும். அவை சீன, இந்திய, மால்ட்டாத் தொழிலாளர் படையினர் போன்றோருக்கு. அவர்களைக் குறைவாக நினைத்து மலிந்த உலோகத்தில் கொடுத்தார்கள். இன்று சேகரிப்பாளர் சந்தையில் வெண்கலம்தான் விலை கூடியது. உலோகத்தின் விலை வேறு, பொருளின் பெறுமதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. 1980 தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது ஏராளமான வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. செட்டியார் தெருவில் ஒரு பதக்கத்தைத் தராசில் வைத்து வெள்ளி விலை சொன்னால், அது அந்தப் பொருளின் அடிமட்ட விலை. பெயருக்கும் படைப்பிரிவுக்கும் உள்ள விலை அதில் சேரவில்லை.

முதலாம் போரில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 120 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வெண்கலத் தகடு கொடுத்தார்கள். அதில் பெயர் மட்டும் இருக்கும், தரம் இருக்காது. சாவில் எல்லாரும் சமம் என்று எண்ணித்தான் தரத்தை விட்டார்கள். இந்தத் தகட்டைக் கண்டால் கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பதிவில் அந்தப் பெயரைத் தேடுங்கள். கட்டணம் இல்லை. ஒரே பெயரில் ஒருவர் மட்டுமே இருந்தால் தகடு யாருடையது என்று அநேகமாக உறுதியாகும். பலர் இருந்தால் வேறு ஆதாரம் வேண்டும்.

இரண்டாம் போர்ப் பதக்கங்களில் சிக்கல் வேறு. பிரித்தானியா தன் படையினருக்கு நட்சத்திரப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே அனுப்பியது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா பெயர் பொறித்துக் கொடுத்தன. பெயரில்லாத பதக்கம் எவருடையதாகவும் இருக்கலாம். நான்கைந்து பதக்கங்களைச் சேர்த்து ஒரு சட்டத்தில் தைத்து "மேஜர் ஒருவருடையது" என்று விற்பது மிக எளிது. அதற்கும் ஒரு சோதனை உண்டு. பர்மா நட்சத்திரமும் பசிபிக் நட்சத்திரமும் ஒருவருக்கே இரண்டாகக் கொடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கு ஒரு நட்சத்திரமும் அதன் நாடாவில் குத்த ஒரு பட்டையுமே கிடைக்கும். இரண்டு நட்சத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் அதைக் கோர்த்தவர் விதி தெரியாத வியாபாரி. பர்மா நட்சத்திரம் தனியாக வந்தால் அளந்து பாருங்கள்: உயரம் 44 மில்லிமீற்றர், அகலம் 38. போலிகள் பெரும்பாலும் வார்ப்புகள். மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும், எழுத்துகள் மழுங்கியிருக்கும்.

அப்படியானால் பெயரில்லாத பதக்கத்தை யாருடையது என்று எப்படி நிறுவுவது? கடதாசிதான். சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்றிதழ், பதக்கம் வந்த சிறு அட்டைப்பெட்டியில் எழுதிய முகவரி, சீருடையில் எடுத்த படம், வீட்டுக்கு எழுதிய கடிதம். வீட்டைத் துப்புரவாக்கும்போது பதக்கத்தை எடுத்து வைத்துவிட்டுக் கடதாசிகளைக் கறையான் அரித்தது என்று எரித்துவிடுகிறார்கள். அந்தக் கடதாசி போனால் பதக்கம் ஊமையாகிவிடும். கறையான் தின்ற பாதிக் கடிதத்துக்குக்கூடப் பெறுமதி உண்டு. குறிப்பாக இலங்கைப் பிரிவுகளுக்கு. சிலோன் காவல் பீரங்கிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மேயில் கொக்கோஸ் தீவுகளில் கிளர்ச்சி செய்தது அந்தப் படையின் ஒரு பிரிவு; அதற்காக மூவர் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர் ஒருவரின் சம்பளப் புத்தகம் இந்த நாட்டின் வரலாற்று ஆவணம். அதை விலைக்குக் கொடுக்க முடிவெடுத்தாலும் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

சரி, எவ்வளவு போகும்?

பொருள் எது என்று தெரிந்த பிறகு விலை அவ்வளவு மர்மமானதல்ல. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இக்மன் இணைய விளம்பரத் தளத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபா போட்டிருக்கிறார் என்றால் அவர் அந்தத் தொகையை விரும்புகிறார் என்று மட்டும்தான் அர்த்தம். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்க்கலாம். லண்டனில் நூனன்ஸ் போன்ற பதக்க ஏல நிறுவனங்கள் கடந்த ஏல விலைகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. ஒரே மாதிரியான பொருள் சில முறை விற்ற விலைகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டுப் பாருங்கள். ஏல விலையில் விற்பவருக்கு முழுதும் கிடைக்காது, வாங்குகிறவர் அதற்கு மேலும் ஏலக் கட்டணம் கட்டுவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லண்டன் விலையை அப்படியே ரூபாவில் பெருக்குவது பலர் செய்யும் தவறு. கொழும்பில் வாங்குகிறவர்கள் சிலரே. பொதுவான பிரித்தானியப் பை, பட்டி, தண்ணீர்ப் போத்தல் இங்கே அந்த விலைக்குப் போகாது. அனுப்பும் செலவு பொருளைவிடக் கூடிவிடும். இலங்கைப் பிரிவுகளின் சின்னங்களும் பதக்கங்களும் எதிர்மாறு. எண்ணிக்கை குறைவு, வெளிநாட்டில் தோட்டத்துரைமாரின் பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள், இங்கேயும் சிலர் தேடுகிறார்கள். ஒரே படையினரின் பதக்கங்களைப் பிரித்து விற்றால் மொத்த விலை குறையும். அண்ணன் தம்பி ஆளுக்கொன்றாகப் பங்கு போடுவதற்கு முன் இதைக் குடும்பத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

பெறுமதியை ஒரே மாலையில் அழிக்கும் வழி துலக்குவது. குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்குக் கறுத்த பித்தளையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. ஆனால் அந்தக் கறுப்புத்தான் வயதின் சாட்சி. தேய்க்கத் தேய்க்க முத்திரையும் மழுங்கும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். கொழும்பின் ஈரப்பதத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய பெட்டி நல்லது. கன்வஸையும் கம்பளியையும் பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

தொடக்கூடாதவை

துவக்கு எவ்வளவு பழையதாக இருந்தாலும் அனுமதிப்பத்திரம் பற்றித் தெளிவாகத் தெரியாமல் வாங்கவோ வைத்திருக்கவோ வேண்டாம். துப்பாக்கிமுனைக் கத்திகளுக்கும் முன்கூட்டியே சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். முனையில் வெடிமூட்டி பூட்டிய ஷெல், கைக்குண்டு, சன்னத்தோடு உள்ள ரவை எதுவும் கிடைத்தால் அசைக்காமல் 119க்கு அழையுங்கள். இராணுவச் சீருடையும் உருமறைப்புத் துணியும் இந்த நாட்டில் பொதுமக்கள் வைத்திருக்கக்கூடிய பொருட்களல்ல. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் எதையும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது; கண்டி இராச்சியக் காலத்து வாளும் பீரங்கியும் இதில் அடங்கும்.

அப்புறம், நம் போர். 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்துப் பொருட்களை நான் வாங்குவதில்லை. நீங்களும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது, அதன் சின்னங்களை வைத்திருப்பது உங்களைச் சிறைக்குக்கூடக் கொண்டுபோகலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எண் பொறித்த ஒரு தகடோ ஒரு பட்டியோ, காணாமல் போன ஒருவருக்கு என்ன நடந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம். அந்தத் தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். யாராவது அப்படி ஒன்றை விலைக்குக் கொண்டுவந்தால், எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்து, காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கோ ஒரு சட்டத்தரணிக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள். எந்த எலும்பும் பொருளும் கிடைத்த இடத்திலிருந்து நகர்த்தப்படக்கூடாது.

எதில் தொடங்குவது?

பொத்தானில் தொடங்குங்கள். விலை குறைவு, சட்டச் சிக்கல் இல்லை, இடம் பிடிக்காது, போலி செய்தாலும் லாபமில்லை என்பதால் போலி குறைவு. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றையும் ஒரு பொத்தானில் பயிலலாம்: முன்பக்கம் கிரீடம், பின்பக்கம் ஃபர்மின், கோண்ட் போன்ற பித்தளை வேலை நிறுவனங்களின் பெயரும் ஊரும், காந்தச் சோதனை, தேய்வு. முதலில் இரத்மலானை விமானப்படை அரும்பொருட்காட்சியகத்துக்கு ஒரு முறை போய், சந்தேகமில்லாத பொருட்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிதானமாகப் பாருங்கள். கண்ணுக்கு நல்லதைப் பழக்கினால்தான் கெட்டது தெரியும். பிறகு புறக்கோட்டையிலோ மாளிகாவத்தையிலோ பழைய இரும்புக் கடைக்காரரிடம் பித்தளைப் பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கியதும் எங்கே, யாரிடம், என்ன விலைக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி, பொத்தானைச் சிறு கடதாசி உறையில் போட்டு அதே இலக்கத்தை உறையிலும் பென்சிலால் எழுதி விடுங்கள்.